வால் இல்லாமல் ஆறு மணி நேரம்: குண்டுவீச்சு விமானச் சோதனை ஸ்குவாட்ரன் என்ன செய்கிறது?

1964 ஜனவரி 10. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரிலிருந்து ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் கிளம்பியது. ஓட்டியவர் சக் ஃபிஷர், போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி. கூட இருந்தவர்களும் போயிங் ஆட்கள்தான். மலைகளை ஒட்டித் தாழப் பறக்கும்போது காற்றின் குலுக்கல் விமானத்தின் உடம்பை எந்த அளவுக்கு வருத்துகிறது என்று அளந்து வருவதுதான் அன்றைய வேலை. அதற்காகவே விமானத்தில் அளவுக் கருவிகள் பொருத்தியிருந்தார்கள்.

பி-52 தாழப் பறப்பதற்காகப் பிறந்த விமானம் இல்லை. எதிரியின் கை எட்டாத உயரத்தில் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் கணக்கு. 1960இல் சோவியத் ஏவுகணை ஒன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை வெகு உயரத்தில் வைத்தே வீழ்த்தியது. அதோடு உயரம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை போனது. இனி ராடார் கண்ணில் படாமல் மலை, பள்ளத்தாக்குகளை ஒட்டித்தான் போக வேண்டும். ஆனால் தரைக்கு அருகே காற்று அமைதியாக இருப்பதில்லை. மலையில் மோதிச் சுழன்று, மேலும் கீழுமாகப் பாயும். அந்த அடிகளை இந்த உடம்பு எத்தனை வருடம் தாங்கும்? ஃபிஷரும் அவருடைய குழுவினரும் அதற்குத்தான் விடை தேடப் போனார்கள்.

கொலராடோ மலைப் பகுதியில் குலுக்கல் மிகவும் கடுமையாக இருக்கவே, ஃபிஷர் விமானத்தை 14,000 அடிக்கு மேல் ஏற்றினார். அங்கேதான் அடி விழுந்தது. ஒரு சில நொடிகள்தான். விமானம் கட்டுக்குள் நிற்காமல் திமிறியது. குதிக்கத் தயாராக இருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். ஆனால் எப்படியோ விமானம் பறந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு எஃப்-100 போர் விமானம் அருகே வந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. பின்னால் செங்குத்தாக நிற்கும் வால்சிறகில் பெரும்பகுதியைக் காணோம். முறிந்து விழுந்துவிட்டது.

செங்குத்து வால் என்பது அம்புக்குப் பின்னால் கட்டும் இறகு மாதிரி. அது இல்லாவிட்டால் மூக்கு நேராக நிற்காது, பக்கவாட்டில் அலையும். விச்சிட்டாவில் பொறியாளர்கள் அவசரமாகக் கூடி, ரேடியோவில் ஒவ்வொரு யோசனையாகச் சொன்னார்கள். எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எடையின் மையத்தை நகர்த்தினார்கள். பின்பக்கச் சக்கரங்களை மட்டும் கீழே இறக்கினார்கள். காற்றில் தொங்கும் அந்தச் சக்கரங்கள் வாலின் வேலையில் கொஞ்சத்தைச் செய்தன. விச்சிட்டாவில் காற்று பலமாக இருந்ததால் அர்கன்சாஸ் மாநிலத்தின் பிளைத்வில் தளத்துக்குப் போகச் சொன்னார்கள். வால் முறிந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் அந்த விமானம் தரையிறங்கியது.

மூன்றே நாளில், ஜனவரி 13ஆம் தேதி, இரண்டு அணுகுண்டுகளோடு போய்க்கொண்டிருந்த இன்னொரு பி-52, பனிப்புயலில் மேரிலாந்து மாநிலத்து மலைகளுக்கு மேலே அதே செங்குத்து வாலை இழந்து நொறுங்கி விழுந்தது. அது சோதனை விமானம் இல்லை. அதில் இருந்தவர்கள் வழக்கமான படைவீரர்கள். ஐந்து பேரில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த மூவரில் இருவர் பாராசூட்டில் கீழே இறங்கியும், யாரும் வந்து சேருவதற்குள் குளிரில் உயிரை விட்டவர்கள்.

சோதனை ஸ்குவாட்ரன் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த மூன்று நாட்கள்தான். விமானத்தில் குறை எப்படியும் ஒருநாள் வெளியே வரும். அன்று அதன் எதிரில் இருப்பவர் யார் என்பதுதான் விஷயம். கருவிகளைப் பொருத்திக்கொண்டு, குறையைத் தேடியே கிளம்பியவராக இருந்தால் பிழைக்க ஒரு வழி இருக்கிறது.

சரி, ஸ்குவாட்ரன் என்றால் என்ன?

விமானப்படையின் அடிப்படை அலகு ஸ்குவாட்ரன். ஒரே வகை விமானங்கள், அவற்றை ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள், ஒரு கமாண்டர் என்று ஒரு குடும்பம் மாதிரி இயங்கும். சில ஸ்குவாட்ரன்கள் சேர்ந்தால் ஒரு விங். குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் என்றால் போருக்குத் தயாராக இருப்பது அதன் வேலை.

சோதனை ஸ்குவாட்ரன் அப்படி இல்லை. அதனிடம் இருக்கும் விமானங்கள் குறைவு, பொறியாளர்கள் அதிகம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 412ஆவது சோதனை விங் இருக்கிறது. அதன் கீழ் வரும் 419ஆவது பறப்புச் சோதனை ஸ்குவாட்ரன்தான் பி-52, பி-1, பி-2 என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களைச் சோதிக்கும் இடம். விமானம் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களும் விமானப்படை ஆட்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இதைக் கூட்டுச் சோதனைப் படை என்பார்கள். பழைய காலத்தில் நிறுவனம் தனியாகச் சோதித்து முடித்துக் கொடுக்கும், அப்புறம் படை தன் பங்குக்கு மறுபடி சோதிக்கும். ஒரே வேலை இரண்டு தடவை நடந்தது. அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது ஒரு இடத்தில். சோதனையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, உருவாக்கச் சோதனை. இந்தப் பொருள், செய்வதாகச் சொன்னதைச் செய்கிறதா? குறிப்பிட்ட வேகத்தில் இறக்கை அதிர்கிறதா? குண்டு ஒழுங்காகப் பிரிந்து விழுகிறதா? எட்வர்ட்ஸில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வகை, பயன்பாட்டுச் சோதனை. பொருள் வேலை செய்கிறது, சரி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் கெட்ட ஒரு குழு, எதிரியின் ராடார் குழப்பத்துக்கு நடுவே அதைப் பயன்படுத்தினால் உதவுமா? இதற்குத் தனி ஸ்குவாட்ரன்கள் இருக்கின்றன. பி-52க்கு லூசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்தில் 49ஆவது, பி-1க்கு டெக்ஸஸின் டையஸ் தளத்தில் 337ஆவது. முதல் வகையில் பொறியாளர் கேள்வி கேட்கிறார். இரண்டாவதில் போருக்குப் போகிறவரே கேட்கிறார்.

இந்த எண்களுக்குப் பின்னால் கதை உண்டு. 337ஆவது ஸ்குவாட்ரன் இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து பி-17 விமானங்களில் ஜெர்மனிக்கு மேல் பறந்த படை. 49ஆவது இன்னும் பழையது. அதன் கதையைச் சொல்ல 1935க்குப் போக வேண்டும்.

ஒரு பூட்டு, ஒரு பட்டியல்

ஒஹாயோ மாநிலத்தின் ரைட் ஃபீல்ட் அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவம் புது விமானங்களைச் சோதிக்கும் இடம். 1935இல் புதிய குண்டுவீச்சு விமானத்துக்குப் போட்டி நடந்தது. போயிங் கொண்டுவந்த மாடல் 299 நான்கு எஞ்சின் கொண்டது. எதிரில் நின்றவை இரண்டு எஞ்சின் விமானங்கள். வேகம், தூரம், சுமை எதிலும் போயிங்கின் கைதான் ஓங்கியிருந்தது.

அக்டோபர் 30ஆம் தேதி ராணுவத்தின் சோதனை விமானி மேஜர் ப்ளாயர் ஹில் அதை ஓட்டினார். போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் கூட இருந்தார். விமானம் தரையை விட்டு எழுந்தது, மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போனது, வேகம் இழந்து விழுந்து தீப்பிடித்தது. ஹில் இறந்தார், சில நாளில் டவரும் இறந்தார்.

விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் பகுதி ஆடி அடிபடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை எடுத்துவிட வேண்டும். அதை யாரும் எடுக்கவில்லை. அனுபவத்தில் எந்தக் குறையும் இல்லாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தும் விட்டுப்போனது. ஒரு மனிதனின் ஞாபகத்தில் நிற்கிற அளவைத் தாண்டி விமானம் சிக்கலாகிவிட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இங்கே விமானிகள் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இன்னும் கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லி முடித்துவிடவில்லை. ஒரு தாளில் பட்டியல் போட்டார்கள். கிளம்பும் முன் என்ன, பறக்கும்போது என்ன, இறங்கும் முன் என்ன என்று ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. இன்று உலகத்தில் எந்தப் பயணிகள் விமானம் கிளம்பினாலும் விமானிகள் அறையில் அந்தப் பட்டியலை வாசிக்கிறார்கள். அறுவை சிகிச்சை அறை வரைக்கும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

போட்டியில் வென்றது டக்ளஸ் நிறுவனம். ஆனாலும் ராணுவம் போயிங்கைக் கைவிடாமல், சோதனைக்கென்று 13 விமானங்கள் வாங்கியது. அவற்றில் 12 வர்ஜீனியாவின் லாங்லி தளத்தில் இருந்த இரண்டாவது குண்டுவீச்சுக் குழுவுக்குப் போயின. பட்டியலை வைத்துக்கொண்டு அவர்கள் பறந்தார்கள். 1938 மே மாதம், அந்தக் குழுவின் 49ஆவது ஸ்குவாட்ரன் விமானங்கள் அட்லாண்டிக்கில் 600 மைலுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த இத்தாலியக் கப்பல் ரெக்ஸைக் கண்டுபிடித்து அதன் மேலே பறந்து காட்டின. ஓட்ட முடியாத விமானம் என்று பேர் வாங்கியிருந்தது பி-17 ஆக நிலைத்தது இப்படித்தான். அந்த 49தான் இன்று பார்க்ஸ்டேலில் பி-52ஐச் சோதிக்கிறது.

வறண்ட ஏரி

எட்வர்ட்ஸ் தளம் ஏன் பாலைவனத்தில் இருக்கிறது? ரோஜர்ஸ் ஏரி என்ற வறண்ட ஏரிப் படுகை அங்கே இருக்கிறது. 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த, கல் போல இறுகிய களிமண் தரை. மழைக்காலத்தில் மெல்லிய தண்ணீர் தேங்கும், காற்று அதை அப்படியும் இப்படியும் அலைக்கழிக்கும், அப்புறம் காய்ந்துவிடும். வருடா வருடம் இயற்கையே வந்து மெழுகிவிட்டுப் போகும் தரை. எஞ்சின் நின்றுபோன விமானம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இறங்கலாம். சோதனை விமானிக்கு இதைவிட ஆறுதலான காட்சி இருக்க முடியாது.

முதலில் அதன் பெயர் முராக். 1944 மார்ச்சில் அணுகுண்டின் வடிவங்களை, உள்ளே அணுப்பொருள் இல்லாமல், பி-29 விமானத்திலிருந்து போட்டுப் பார்த்தது அங்கேதான். தின் மேன் என்று பேர் வைத்த நீளமான குண்டு ஒருநாள் சோதனை இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே கொக்கியிலிருந்து நழுவி, மூடியிருந்த குண்டறைக் கதவின் மேல் விழுந்துவிட்டது. கதவைத் திறந்து அதை வெளியே தள்ளினார்கள். கதவு சேதமானது. கிளைடர்களை இழுத்துப் போகப் பயன்படும் கொக்கியை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள், அந்த எடையை அது தாங்கவில்லை. அதற்குப் பதிலாக, பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் இருந்த கொக்கி வந்தது. ஃபேட் மேன் என்ற உருண்டைக் குண்டு விழும்போது தள்ளாடியது, அதன் வால் அமைப்பை மாற்றினார்கள். அடுத்த வருடம் நாகசாகியில் விழுந்தது அந்த வடிவம்தான். சோதனை ஸ்குவாட்ரனைப் பற்றி எழுதும்போது இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. குண்டு சரியாக விழ வேண்டும் என்று இவர்கள் உழைக்கும் உழைப்பு, யார் தலையிலோ போய் முடிகிறது.

1948 ஜூன் 5ஆம் தேதி ஒய்பி-49 என்ற ஜெட் விமானம் அங்கே நொறுங்கியது. வால் கிடையாது, உடல் கிடையாது, முழு விமானமும் ஒரே ஒரு பெரிய இறக்கை. வெளிப்புற இறக்கைகள் பிய்ந்து விழுந்து ஐந்து பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் கேப்டன் க்ளென் எட்வர்ட்ஸ், வயது 30. அடுத்த வருடம் டிசம்பரில் தளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். வால் இல்லாத விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருக்கும், குறிபார்த்துக் குண்டு போடத் தோதில்லை. கொஞ்ச காலத்தில் அந்தத் திட்டத்தையே மூடினார்கள்.

நாற்பது வருடம் கழிந்தது. 1989 ஜூலை 17 காலை, பக்கத்து ஊரான பாம்டேலில் இருந்து பி-2 முதன்முதலாக எழுந்தது. ஓட்டியவர்கள் நார்த்ராப் நிறுவனத்தின் ப்ரூஸ் ஹிண்ட்ஸ், விமானப்படையின் கர்னல் ரிச்சர்ட் கௌச். அதுவும் வால் இல்லாத ஒரே இறக்கைதான். இரண்டு முனைகளுக்கும் இடையே 172 அடி, ஒய்பி-49க்கு இருந்த அதே அகலம். அலையும் மூக்கை இப்போது கணினி பிடித்துக்கொண்டது. இறக்கை முனையில் இரண்டாகப் பிளந்து விரியும் தகடுகளைக் கணினியே ஓயாமல் அசைத்து நேராக வைத்திருக்கும். அந்த முதல் பறப்பில் சக்கரங்களை உள்ளே மடக்கவே இல்லை. அவ்வளவு நிதானம். அது போய் இறங்கியது, பறக்கும் இறக்கையில் உயிர்விட்டவரின் பெயரைத் தாங்கிய தளத்தில்.

ஒரு சோதனை நாள்

முதல் பறப்பில் சக்கரத்தை மடக்காததுதான் இந்தத் தொழிலின் மொத்த முறைக்கும் அடையாளம். ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏறுவார்கள்.

எந்த விமானத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இந்த வேகம் வரை, இந்த உயரம் வரை, இவ்வளவு திருப்பம் வரை பறக்கலாம் என்று. காகிதத்தில் பொறியாளர்கள் கோடு போட்டிருப்பார்கள். உண்மையான எல்லை அதுதானா என்று பறந்து பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பறப்பார்கள். தரவைப் பார்த்துவிட்டு அடுத்த முறை கொஞ்சம் வேகம் கூட்டுவார்கள். மறுபடி தரவு. இப்படியே மாதக்கணக்கில், வருடக்கணக்கில்.

இதில் அவர்கள் பயப்படும் ஒன்று, இறக்கை அதிர்வு. மாடியில் கொடியில் காயும் சேலை சாதாரணக் காற்றில் மெல்ல ஆடும். காற்று ஒரு வேகத்தைத் தாண்டினால் படபடவென்று அடிக்க ஆரம்பித்து, கிளிப்பையும் பிய்த்துக்கொண்டு போகும். விமானத்தின் இறக்கையும் உலோகம்தான் என்றாலும் வளையக்கூடியது. குறிப்பிட்ட வேகத்தில் காற்றின் தள்ளலும் இறக்கையின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று தாளம் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில நொடியில் இறக்கை உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேகத்திலும் வேண்டுமென்றே ஒரு சின்ன அதிர்வைக் கொடுத்து, அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் அடங்கினால் அடுத்த படி. அடங்க நேரம் எடுத்தால் அங்கேயே நிறுத்தம்.

சோதனை நாளில் என்ன செய்யப் போகிறோம் என்பது அட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். ஒரு அட்டை, ஒரு சோதனை. எந்த உயரம், எந்த வேகம், எதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். கிளம்பும் முன் எல்லாரும் ஒரு அறையில் உட்கார்ந்து அட்டை அட்டையாகப் பேசுவார்கள். விமானம் மேலே போனதும் தரையில் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர்கள் திரைகளின் முன் உட்கார்ந்திருப்பார்கள். விமானத்தின் உணர்விகள் அனுப்பும் எண்கள் அந்த நொடியே அங்கே ஓடும். பக்கத்திலேயே ஒரு சின்ன விமானம் துணைக்குப் பறந்து, குண்டுவீச்சு விமானத்தை வெளியிலிருந்து கவனிக்கும். வால் முறிந்ததை ஃபிஷருக்குச் சொன்னது அப்படி வெளியிலிருந்து பார்த்த ஒரு கண்தானே.

யாருக்காவது ஏதாவது சரியாகப் படவில்லையா? நாக் இட் ஆஃப் என்று ரேடியோவில் சொன்னால் போதும். உடனே எல்லாம் நிற்கும். சொன்னவர் நேற்றுச் சேர்ந்த இளைய பொறியாளராக இருந்தாலும் சரி, மறுகேள்வி கிடையாது. காரணத்தைத் தரையிறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

குண்டு பிரியும் சோதனை தனி உலகம். குண்டு என்றால் அவிழ்த்துவிட்டதும் நேரே கீழே விழும் என்றுதான் நாம் நினைப்போம். விமானம் போகும் வேகத்தில் அதன் வயிற்றடியில் காற்று சுழன்றுகொண்டிருக்கும். இலேசான குண்டை அந்தச் சுழல் திருப்பி விமானத்தின் மேலேயே மோதவிடலாம். ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் தண்ணீரைக் கொட்டினால் பின்சீட்டில் இருப்பவர் முகத்தில் தெறிக்கிறதே, அப்படி. அதனால் வெடிமருந்து இல்லாத, எடையும் வடிவமும் மட்டும் ஒத்த குண்டுகளைப் போட்டு, அதிவேகக் கேமராக்களில் படம் பிடித்து, அவை எப்படிப் புரண்டு விழுகின்றன என்று ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்ப்பார்கள்.

எல்லாம் முறைப்படி நடந்தும் உயிர் போவதுண்டு. 1984 ஆகஸ்ட் 29 அன்று எட்வர்ட்ஸ் அருகே ஒரு பி-1ஏ மெதுவான வேகச் சோதனையில் இருந்தது. பி-1 இறக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய விமானம். இறக்கை நகர்ந்தால் தூக்கும் விசையின் இடம் மாறும். அதற்கு ஈடாக எரிபொருளையும் நகர்த்தி எடையின் மையத்தை மாற்ற வேண்டும். அன்று இறக்கை முன்னே வந்தது, எரிபொருள் அதற்கேற்ப நகரவில்லை. மூக்கு மேலே எழும்பி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. விமானிகள் அறை முழுவதும் ஒரு கூடாகப் பிரிந்து பாராசூட்டில் இறங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அறை பிரிந்தது, பாராசூட்டும் விரிந்தது, ஆனால் சரியான நிலைக்கு வராமல் முன்பக்கம் சாய்ந்தபடி தரையில் மோதியது. ராக்வெல் நிறுவனத்தின் சோதனை விமானி டக் பெனிஃபீல்ட் இறந்தார். கூட இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ரெனால்ட்ஸ் பிற்காலத்தில் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தார். ஃபிஷரைக் காப்பாற்றியதும் எரிபொருளை நகர்த்தியதுதான், இங்கே உயிரை எடுத்ததும் அதை நகர்த்தாததுதான். ஐம்பதாவது நாள், அக்டோபர் 18 அன்று, புதிய பி-1பி முதல்முறையாகப் பறந்தது. அதில் பிரியும் அறை இல்லை, ஆளுக்கொரு வெளியேற்று இருக்கை.

பழைய விமானம், புதிய கேள்வி

சோதனை என்றால் புது விமானத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 419ஆவது ஸ்குவாட்ரனின் வேலையில் பெரும்பகுதி பழைய விமானங்களோடுதான். பி-52 முதலில் பறந்தது 1952இல். கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது 1962இல். விமானம் அதேதான், ஆனால் அதில் ஏற்றும் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய சோதனை.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் நடந்த எரிபொருள் சோதனை. கச்சா எண்ணெயிலிருந்து வராத, இயற்கை வாயுவிலிருந்து செய்த செயற்கை எரிபொருளை வழக்கமான ஜெட் எரிபொருளோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எதற்குப் பி-52? அதற்கு எட்டு எஞ்சின்கள். செப்டம்பரில் இரண்டு எஞ்சின்களுக்கு மட்டும் புதுக் கலவையைக் கொடுத்தார்கள். அந்த இரண்டும் நின்றுபோனாலும் மீதி ஆறு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். டிசம்பரில்தான் எட்டுக்கும் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த மாதம், குளிரில் என்ன ஆகிறது என்று பார்க்க வடக்கே மைனாட் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். படிப்படியாகப் போவது என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்கு விளக்க வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே பி-52 வேறு ஆயுதங்களையும் வாகனங்களையும் தூக்கிப்போய் வானில் விடும் தாயாகவும் இருந்தது. எக்ஸ்-51 என்ற ஒலியைவிட ஐந்து மடங்கு வேகமான வாகனம் 2013 மே மாதம் அப்படித்தான் பசிபிக் கடலுக்கு மேலே பறந்தது. எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. 2021 ஏப்ரலில் ஒரு புதிய அதிவேக ஏவுகணையை விட முயன்றபோது அது இறக்கையை விட்டுப் பிரியவே இல்லை; அப்படியே சுமந்துகொண்டு எட்வர்ட்ஸுக்குத் திரும்பினார்கள். ஜூலையில் பிரிந்தது, ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை. செய்தித்தாளில் இவை தோல்வி என்று வரும். ஸ்குவாட்ரனுக்கு, எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று தெரிந்த நாட்கள் அவை. அடுத்த வருடம் மே மாதம் எஞ்சின் பற்றிக்கொண்டது.

சோதனை எட்டாத மூலைகளும் இருக்கின்றன. பி-2 விமானத்தை ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் உள்ள தட்பவெப்ப ஆய்வுக்கூடத்துக்குள் வைத்துப் பனி, வெயில், ஈரம் எல்லாம் காட்டிச் சோதித்திருந்தார்கள். ஆனாலும் 2008 பிப்ரவரியில் குவாம் தீவில் ஒரு பி-2 கிளம்பும்போதே விழுந்து எரிந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் உணர்விகளில் ஈரம் சேர்ந்திருந்தது. அந்த நிலையிலேயே அவற்றின் அளவைச் சரிசெய்திருந்தார்கள். ஈரம் காய்ந்ததும் அளவு தவறாகிவிட்டது. கணினி உண்மையான வேகம் தெரியாமல் மூக்கைத் தூக்கியது. இரண்டு விமானிகளும் வெளியேறிப் பிழைத்தார்கள். உணர்வியைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு அளவு பார்க்கும் வழி சிலருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எல்லாருக்கும் அது எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 1935இன் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது எட்வர்ட்ஸில் பி-21 என்ற புதிய விமானம் சோதனையில் இருக்கிறது. 2023 நவம்பர் 10 அன்று பாம்டேலில் இருந்து எழுந்து அங்கே வந்து இறங்கியது. அதுவும் வால் இல்லாத இறக்கைதான். அதற்கென்று 420ஆவது பறப்புச் சோதனை ஸ்குவாட்ரனை மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பி-52க்கும் வேலை காத்திருக்கிறது. எட்டு எஞ்சின்களையும் எடுத்துவிட்டு ரோல்ஸ் ராய்ஸின் புதிய எஞ்சின்களைப் பொருத்தப் போகிறார்கள். 2050களிலும் அதை ஓட்டுவதாகத் திட்டம். எஞ்சின் மாறினால் எடை மாறும், அதிர்வு மாறும், இறக்கை அடியில் காற்று போகும் வழி மாறும். மறுபடியும் நடுவில் ஒரு சின்னக் கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஃபிஷர் இறக்கிய அந்த விமானத்துக்குப் புது வால் வைத்துத் திரும்பவும் படையில் சேர்த்தார்கள். வால்களை வலுப்படுத்தும் வேலை மற்ற பி-52களிலும் நடந்தது. ஃபிஷர் ஓட்டிய விமானத்தின் எண் 61-0023. அது இன்னும் 44 வருடம் பறந்து, 2008இல்தான் அரிசோனா பாலைவனத்தில் ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்திவைக்கும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.